ரெண்டாம் நம்பர் சூளை ரூமு

இல்லீங்க தம்பி, நான் ஒண்ணும் ஒடைக்கல. வேணும்னா எண்ணிப் பாருங்க, ஒரு செங்கல்லு பேந்திருக்குதா? கரி இருந்துது, தேச்சேன், அவ்ளோதான். செருப்பக் கழட்டிட்டு வாங்க, தர ஈரமா இருக்குது, வழுக்கிடப் போவுது. தோ, அந்த நாற்காலியில ஒக்காருங்க. ஒங்க ஓட்டலு நாற்காலிதான, நீங்களே நின்னுக்கிட்டு இருந்தா எப்புடி.

ஆமா, சுவரு பூரா நான் ஒருத்திதான் தேச்சேன். காலையில எங்கூட்டுக்காரரு ஒங்க ஆளோட காடு சுத்திப் பாக்கக் கெளம்புனாரு இல்ல, அப்ப ஆரம்பிச்சது. மேலயா? கட்டிலு மேல ஸ்டூலப் போட்டு ஏறுனேன். ஐம்பது வயசுக்கு இது ஒரு ஏத்தமா தம்பி. இந்த எடத்துல குனிஞ்சு நிமுந்து வேல செஞ்ச ஒடம்பு இது.

நீங்க திட்டறதுக்கு முன்னாடி ஒரு ஒதவி கேக்கறேன். பாத்ரூம் கழுவ ஆசிட்டு வச்சிருப்பீங்க இல்ல, அதுல ஒரு பாட்டிலு குடுத்து வுடுங்க. இன்னும் கொஞ்சூண்டுதான் பாக்கி. தா, கட்டிலு தலமாட்டுல, குட்டி லைட்டு ஒண்ணு சுவத்தப் பாத்து எரியுது பாருங்க, அந்த எடம் மட்டும். அவுரு வரதுக்குள்ள முடிச்சிட்டு, பொடவ மாத்திக்கிட்டு, ஒண்ணும் தெரியாத மாதிரி ஒக்காந்துக்குவேன்.

என்னாது? ஒரிஜினலா? கரியில ஒரிஜினலு, டூப்ளிகேட்டு எல்லாம் இருக்குதா தம்பி?

ஓ. பெங்களூர்ல இருந்து ஒரு அம்மா வந்தாங்களா. சுவத்துக்குக் கலரு சொல்ற வேலையா அவுங்களுக்கு. கரியத் தொடக் கூடாதுன்னு சொல்லி, மேல வேற ஏதோ அடிச்சி வச்சாங்களா. அதான் பாத்தேன், தேய்க்கத் தேய்க்க பிசுபிசுன்னு வருதேன்னு. கரி போயிடக் கூடாதுன்னு கரிக்கு வார்னிஷு அடிச்சிருக்கீங்க. எனக்கு எப்புடி தம்பி தெரியும். ஒரு சீட்டு எழுதி ஒட்டியிருக்கலாம் இல்ல, இது அழுக்கு இல்ல, அழகுன்னு.

சிரிக்கறீங்களா? சிரிங்க, சிரிங்க. மொதல்ல வந்தப்போ ஒங்க மூஞ்சப் பாத்து ஸ்டூல வுட்டு எறங்கிட்டேன்.

அந்த ஆக்னஸு பொண்ண ஒண்ணும் சொல்லாதீங்க. சமையக்கட்டுல போயி தேங்கா நாரும் சோப்புத் தூளும் நாந்தான் கேட்டேன். எதுக்கும்மான்னு கேட்டுச்சு. எங்கூட்டுக்காரரு முதுவு தேய்க்கன்னு சொன்னேன். ஒரு மாதிரியா பாத்துட்டுக் குடுத்துச்சு.

நீங்களே ஞாயமா யோசன பண்ணுங்க. நான் இதே கம்பெனியில எட்டு வருசம் வேல பாத்தவ. ஓட்டலு இல்ல, இது ஜாடி கம்பெனி. ஊறுகா ஜாடி, பொம்ம, கரண்டு பீசு கட்டைக்குப் பீங்கான், எல்லாம் போவும் இங்கேருந்து. ஒரு ஜாடி மேல மொளவு அளவு கரி விழுந்தா போதும், மேஸ்திரி தூக்கி வெளிய கடாசிடுவாரு. அன்னிக்கு பூரா திட்டு வாங்கணும். அப்புடிப் பழகுன கையி, கரியக் கண்டா சும்மா இருக்குமா? நேத்து மத்தியானம் வந்து இந்தக் கட்டில்ல ஒக்காந்தா, தல மேல சுத்தி சுத்திக் கரி. வெள்ள மெத்த, வெள்ளத் தலவாணி, மேல கரி. தலையில கொட்டிடுமோன்னு முக்காடு போட்டுக்கிட்டே ஒக்காந்திருந்தேன்.

எல்லாம் எம் மவனால வந்தது. ஜெயபிரகாஷு. அவன் பேருலதான ரூமு போட்டிருக்குது. மெட்ராசுல கம்ப்யூட்டரு கம்பெனியில சேந்து ஒரு வருசம் ஆவுது. எங்களுக்குக் கல்யாணம் ஆயி இருவத்தஞ்சு வருசம். அதுக்கு ஒரு பொடவ எடுத்துக் குடுத்தா போதாதா? கம்ப்யூட்டர்ல ஒங்க ஓட்டலப் பாத்திருக்கறான். காட்டுக்குள்ள பழைய பேக்டரி, சூளைக்குள்ள தூங்கலாம்னு போட்டிருந்துச்சாம். அப்பா வேல பாத்த எடம்தானே, ரெண்டு பேரும் ராசா ராணி மாதிரி ரெண்டு நாளு இருந்துட்டு வாங்கன்னு சொல்லிட்டான். நான் வேணாம்னுதான் சொன்னேன். அவுரு கேட்டாத்தான.

அவுருக்கு சந்தோசம் தாங்கல தம்பி. இந்தக் கம்பெனிக்கு முன்வாசல் வழியா நாங்க வந்ததே நேத்துதான். அப்பெல்லாம் பின்னாடி வெறகு வண்டி வர வழி. நேத்து முன்வாசல்ல ஒரு பொண்ணு தட்டுல வச்சு ஈரத் துண்டு நீட்டுச்சு. இவுரு வாங்கி மூஞ்சி, கழுத்து, அக்குளு எல்லாம் நல்லாத் தொடச்சு, அத அலசிப் பிழிஞ்சு, எங்க காயப் போடறதும்மான்னு அந்தப் பொண்ணையே கேட்டாரு. அது பாவம் தட்ட வச்சிக்கிட்டு முழிச்சுது.

அப்புறம் இந்த ரூமு. கதவத் தொறந்து ரெண்டாம் நம்பர் சூளன்னு சொன்னதும் அவுருக்குக் கண்ணு கலங்கிடுச்சு. சுடாத பச்ச சாமான மண்ணுப் பொட்டியில வச்சு இதுக்குள்ள அடுக்குறது அவுரு வேலதான். பதினாறு வருசம் இந்தக் கூண்டுக்குள்ள அடுக்குனாரு. நடுவுல நின்னுக்கிட்டு, அருக்காணி, நெருப்பு இங்கேருந்து ஏறும், இப்புடி எறங்கும்னு எனக்குப் பாடம் எடுக்கறாரு. அந்த வாயிலதான் இப்ப பிரிஜ்ஜு வச்சிருக்கீங்க. நெருப்பு எரிஞ்ச எடத்துல ஐஸு தண்ணின்னு சொல்லிச் சொல்லி சிரிச்சாரு. மூணு பாட்டிலு குடிச்சாரு, சிரிச்சுக்கிட்டே.

வெளிய வராண்டாவுல கண்ணாடிப் பொட்டிக்குள்ள ஜாடி எல்லாம் வச்சிருக்கீங்களே, கோணலா, வாயி நெளிஞ்சு, வெடிச்சுப் போனது. அதெல்லாம் கழிவு தம்பி. அதுல ரெண்டு எங்கையில கெட்டது. மேஸ்திரி கண்ணுல படாம பின்னாடி குழியில போட்டு மண்ணு தள்ளுனோம். நீங்க மெனக்கெட்டுத் தோண்டி எடுத்து லைட்டு போட்டு வச்சிருக்கீங்க. ஒரு வெள்ளக்காரரு அதுக்கு முன்னால நின்னு ஆகா ஆகான்றாரு. மேஸ்திரி உசுரோட இருந்து இதப் பாத்திருந்தா நெஞ்ச புடிச்சிக்கிட்டிருப்பாரு.

காட்டப் பத்திக் கேக்கறீங்களா? கோவிச்சுக்கக் கூடாது. காடுன்னு சொல்றீங்க, அது முந்திரித் தோப்பு. எங்களுக்கு அப்ப கக்கூசு கெடையாது, பொம்பளைங்க எல்லாம் அங்கதான் ஒதுங்குவோம். இன்னிக்குக் காலையில ஒங்க ஆளு எங்கூட்டுக்காரருக்குத் தொப்பி மாட்டி, கழுத்துல பைனாகுலரு மாட்டி, அமைதியா வாங்க சாரு, இது ரொம்ப பழைய வழின்னு கூட்டிக்கிட்டுப் போறான். பழைய வழிதான். எங்களுக்குத் தெரியாதா, என்னா வழின்னு.

குளிக்கற எடத்தையும் சொல்லிடறேன். மேல கூர இல்லியே தம்பி. வானத்தப் பாத்துக்கிட்டே குளிக்கலாம்னு ஆக்னஸு சொல்லுச்சு. பொம்பள வானத்தப் பாத்துக் குளிச்சா வானமும் பாக்கும் இல்ல? ஒரு மயிலு வந்து செவுத்து மேல ஒக்காந்துக்கிட்டுப் போவவே மாட்டேன்னுது. கொடைய விரிச்சுப் புடிச்சிக்கிட்டு ஒரு கையால குளிச்சேன். சாப்பாடு நல்லாத்தான் இருக்குது, கொற சொல்லல. கேவுரு கூழக் கண்ணாடி கிளாசுல ஊத்தி மேல பொதினா எல சொருவுனீங்க, அதுதான் எதுக்குன்னு புரியல.

மணி என்னா ஆவுது? பன்னெண்டரையா? ஐயோ, ஒரு மணிக்கெல்லாம் வந்துடுவாங்க. அந்த ஆசிட்டு தம்பி.

அவுரு மட்டும் இல்ல, லீவுக்கு வூட்டுக்கு வந்திருக்கற எம் மவனும். மூக்குக் கண்ணாடி எடுத்துக்கிட்டு வரான். நேத்து கெளம்புற அவசரத்துல அவுரு கண்ணாடிய வூட்லயே வுட்டுட்டு வந்துட்டாரு. கிட்டத்துல ஒண்ணும் தெரியாது அவுருக்கு. எழுத்துன்னா சுத்தம். நேத்து ராத்திரி ஷாம்பு பாட்டில எடுத்துத் தலைக்கு எண்ணன்னு தேச்சுக்கிட்டாரு. சரி, இன்னிக்கு வூட்டுக்குப் போயி படிச்சிக்கலாம்னு வுட்டாரா, இல்ல. ஒரு எழுத்தும் படிக்க முடியல, கண்ணக் கட்டிவுட்ட மாதிரி இருக்குதுன்னு மவனுக்குப் போன் போட்டுட்டாரு. நம்ம விருத்தாசலத்துல இருந்து இங்க வர பைக்குல எவ்ளோ நேரம் ஆவும்? அவன் வந்து அவுர முன்வாசல்லயே பாத்து, மத்தியான சாப்பாட்டுக்கு ரெண்டு பேரும் சேந்து வராங்க.

அவுரு எதக் கண்டாலும் படிப்பாரு தம்பி. பொட்டலம் மடிச்ச பேப்பர வுட மாட்டாரு. பஸ்ஸுல முன் சீட்டு முதுவுல எவனாவது கிறுக்கியிருந்தா அதப் படிப்பாரு. தீப்பெட்டிய திருப்பித் திருப்பிப் படிப்பாரு. கண்ணாடி கைக்கு வந்துதுன்னா இந்த ரூமுல சோப்பு ஒறையில ஆரம்பிச்சு எல்லாத்தையும் படிச்சிட்டுத்தான் சோத்துல கை வப்பாரு.

அதுக்கும் ஆசிட்டுக்கும் என்னா சம்பந்தம்னா கேக்கறீங்க.

ஒண்ணும் இல்ல, வுடுங்க. தேச்சது தேச்சாச்சு, அர கொறையா நிக்கறது பாக்க அசிங்கமா இருக்குது, அதுக்குத்தான்.

தம்பி, தம்பி, அந்தப் போன கீழ வைங்க. எம் மவனுக்கு சொல்லாதீங்க. அவன் மொத மொத அப்பா அம்மாவுக்குன்னு ஆசப்பட்டு செஞ்சது. நீங்க சொன்னீங்கன்னா அவன் வந்து, எந்த எடம்மா, என்னா எழுதியிருந்துச்சுன்னு நோண்டி நோண்டிக் கேப்பான். அப்பன மாதிரியே.

ஆமா. எழுத்துதான். அந்த லைட்டு எரியற எடத்துல இருக்கறது எழுத்து.

ஒங்களுக்குத் தெரியுமா? அது சரி, கீழ இங்கிலீசுல சீட்டு வச்சிருக்கீங்களே. நேத்து சாயங்காலம் ஆக்னஸ வுட்டுப் படிக்கச் சொன்னேன். அந்தக் காலத்துல தொழிலாளிங்க சூள எரிக்கறதுக்காக சுவத்துல எழுதி வச்சிக்கிட்ட வேலக் குறிப்புன்னு போட்டிருக்குதாம். பெங்களூரு அம்மாவுக்குத் தமிழு படிக்க வராது போல. நீங்களும் ஆக்னஸும் தமிழு பேசறதோட சரி, படிக்க வராதுன்னு நேத்தே சொன்னீங்க. நல்ல வேள. இத்தினி பேரு இந்தக் கட்டில்ல படுத்திருக்காங்க, ஒரு தமிழு படிச்ச ஆளு கூடவா வரல.

ஆசிட்டு ஊத்துனாலும் போவாது தம்பி. எனக்குத் தெரியும். ஜாடிக்கு அடியில நம்பரு போடறதுக்கு ஒரு கலரு வச்சிருப்போம். அதுல எழுதிட்டு, அது மேல மூணு நாளு நெருப்பு எரிச்சா, கல்லோட கல்லா வெந்துடும். எட்டு வருசம் அந்தக் கலருல நம்பரு போட்டவ நான். தெரிஞ்சுதான் தேச்சேன். மொதல்ல அந்த எடத்த மட்டும் தேச்சேன். வெள்ளையா ஒரு வட்டம் வந்துடுச்சு, எங்கியோ கெடந்த எழுத்து இப்ப பளிச்சுன்னு நிக்குது. ஒரு எடம் மட்டும் தேச்சா தெரியும் இல்லியா, அதுக்குத்தான் மிச்ச சுவத்தையும் தேச்சேன். அது ஒரு நாளு வேலைன்னு அப்பறந்தான் தெரிஞ்சுது.

என்னா எழுதியிருக்குதுன்னு சொல்லிடறேன். ஒங்ககிட்ட மறைச்சு என்னா ஆவப் போவுது, சுவத்தையே கெடுத்து வச்சிருக்கேன். பஞ்சநாதன், அருக்காணி கிட்ட சொல்லி அனுப்பினேன், உன் பதில் என்ன, காசியம்மாள். அவ்ளோதான். வேலக் குறிப்பு.

பஞ்சநாதன் எங்கூட்டுக்காரரு. அருக்காணி நானு. காசியம்மா எனக்கு எதுத்தாப்புல ஒக்காந்து ஜாடிக்கு நம்பரு போட்டவ. ஒரே மேச, ஒரே சோத்துத் தூக்கு. அவளுக்கு இவுரு மேல இஷ்டம். சூள ஆளுங்ககிட்ட பொண்ணுங்க போயி நின்னு பேசுனா மேஸ்திரி வேலச் சீட்டக் கிழிச்சிடுவாரு. நான்தான் வாயாடி, ஏதாவது சாக்கு சொல்லிட்டுப் போயிட்டு வந்துடுவேன். அதனால காசியம்மா என்னைய அனுப்புனா. அவுரு அம்மாவ வெள்ளிக்கெழமக்குள்ள எங்கூட்டுக்குப் பொண்ணு கேக்க அனுப்பச் சொல்லுடி, எங்கப்பா திட்டக்குடியில மாப்ள பாக்கறாருன்னு.

நானும் சொல்லத்தான் தம்பி வந்தேன். சத்தியமா சொல்றேன், சொல்லத்தான் வந்தேன். தோ, கதவு இருக்குதே, அங்க வந்து நின்னேன். இவுரு உள்ள அடுக்கிக்கிட்டு இருந்தாரு. திரும்பிப் பாத்து, வேர்வைய வழிச்சிட்டு, என்னா அருக்காணின்னாரு. நானு சாப்ட்டியான்னு கேட்டேன். வேற எதுவும் வாயில வரல. அவுரு சிரிச்சாரு. நான் திரும்பிப் போயிட்டேன். சொல்லிட்டேன்டின்னு காசியம்மாகிட்ட சொன்னேன்.

வெள்ளிக்கெழம இவுரு அம்மா வந்தாங்க. காசியம்மா வூட்டுக்கு இல்ல, எங்கூட்டுக்கு வந்தாங்க.

அந்த வாரத்துலதான், சூள ஆளுங்க சோத்துக்குப் போன நேரம் பாத்து உள்ள வந்து இத எழுதியிருக்கணும். மறுபடி அடுக்க உள்ள வரப்போ அவுரு கண்ணுல படும்னு நெனச்சிருப்பா. சாமான் எறக்குன அன்னிக்கு அவுரு லீவு, எங்க வூட்ல பொண்ணு பாக்க வந்திருந்தாரு. பாவாடன்னு ஒருத்தரு எறக்குனாரு, அவுருக்குக் கைநாட்டுதான். இவுரு வேலைக்குத் திரும்பறதுக்குள்ள சுவத்துக்கு வெள்ளப் பூச்சு அடிச்சு, அது மேல வருசக் கணக்கா கரி படிஞ்சு, பூச்சு கொட்டுன எடத்த ஒங்க பெங்களூரு அம்மா சொரண்டி எழுத்த வெளிய எடுத்திருக்காங்க. எனக்கே இப்புடி ஒண்ணு இருக்குதுன்னு நேத்து இந்தக் கட்டில்ல ஒக்காந்து நிமுந்து பாத்தப்பதான் தெரியும்.

காசியம்மா நல்லா இருக்கா தம்பி. திட்டக்குடியிலதான் இருக்கா, மூணு புள்ளைங்க. எம் மவன் காதுகுத்துக்குக் கூட வந்திருந்தா. மொறம் நெறைய சீரு கொண்டாந்து வச்சா. இவுர நிமுந்து பாக்கவே இல்ல. சாப்ட்டுட்டுப் போறப்போ எங்கன்னத்தத் தொட்டு, நீயாவது நல்லா இருடின்னுட்டுப் போனா. இவுரு வேணாம்னு சொல்லிட்டாருன்னுதான் இன்னி வரைக்கும் நெனச்சிக்கிட்டு இருக்கா. இவுருக்கு ஒண்ணுமே தெரியாது. அருக்காணி ஒருத்திதான் அன்னிக்கு என்னப் பாத்து சாப்ட்டியான்னு கேட்டான்னு இன்னிக்கும் வர சனத்துக்கிட்ட எல்லாம் சொல்லிக்கிட்டு இருக்காரு. அவுரு அத சொல்லும்போதெல்லாம் நான் எந்திரிச்சுப் போயி வேற வேல பாப்பேன்.

வேணாங்க, பெட்ஷீட்டு எல்லாம் வேணாம். நானும் மொதல்ல அதத்தான் யோசன பண்ணேன், ஏதாவது தொங்க வுட்டு மறைச்சிடலாம்னு. அவுரு தூக்கிப் பாப்பாரு. வேற ரூமு மாத்துனாலும் இதுதான் நம்ம ரூமுன்னு வந்து நிப்பாரு.

பைக்கு சத்தம் கேக்குது இல்ல? எம் மவன் வண்டிதான். ரெண்டு பேரும் சிரிச்சுக்கிட்டு வராங்க பாருங்க.

நீங்க எந்திரிங்க தம்பி, ஆசிட்டு வேணாம். எம் மவன சாப்புடக் கூட்டிக்கிட்டுப் போங்க, இவுரு கொஞ்ச நேரம் கழிச்சு வருவாருன்னு சொல்லுங்க. போறப்போ கதவ சாத்திடுங்க. படிச்சிட்டு அவுரு திரும்பி என்னப் பாக்கறதுக்கு முன்னாடி நானே வாயத் தொறந்துடணும். எப்புடி ஆரம்பிக்கறதுன்னுதான் தெரியல. இந்தாங்க, காசியம்மா ஒங்ககிட்ட ஒரு சேதி சொல்லச் சொன்னா, இப்புடி ஆரம்பிச்சா சரியா இருக்குமா தம்பி?